குழம்பில் கரைந்துபோகும் பருப்பு



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு கேள்வி. கறி வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம், பாலும் தயிரும் நெய்யும்கூட வேண்டாம் என்று முடிவெடுத்த ஒருவர் இருக்கிறார். வீகன் என்கிறோம், நனிசைவர் என்கிறோம். அவர் ஜிம்முக்குப் போய் எடை தூக்கி, உடலை வலுவாக்கிக்கொள்ள முடியுமா? அதற்கு வேண்டிய புரதம் அவருக்கு எங்கிருந்து கிடைக்கும்? முடியும் என்பது என் பதில். தாராளமாக முடியும். ஆனால் இப்போது சாப்பிடுகிற மாதிரியே சாப்பிட்டுக்கொண்டு முடியாது. நம் தட்டில் பருப்பு இருக்கிறது. ஆனால் போதிய அளவில் இல்லை. குழம்பில் கரைந்து, ரசத்தில் தெளிந்து, பெயரளவுக்கு இருக்கிறது. குறை தாவர உணவில் இல்லை, சோற்றுக்கும் பருப்புக்கும் நாம் வைத்திருக்கிற விகிதத்தில் இருக்கிறது. இதைத்தான் இன்று நிறுவப் பார்க்கிறேன்.

திருப்பூரில் வந்து எதற்காக இதைப் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். 2014-இல் மாதிரிப் பதிவு முறையில் எடுத்த கணக்கின்படி, தமிழ்நாட்டில் 15 வயதைத் தாண்டியவர்களில் 97 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் அசைவம் சாப்பிடுகிறவர்கள். பல்லடம் பக்கம் போனால் கோழிப் பண்ணைகளுக்குக் குறைவில்லை. அப்படியிருக்க, வீகன் கேள்வி யாருக்கு? நான் சொல்கிறேன். அசைவம் சாப்பிடுகிறவர் வீட்டிலும் கறி என்றைக்கு? பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து, திங்கட்கிழமை முதல் சனிக்கிழமை வரை சோறு, சாம்பார், ரசம், ஒரு பொரியல். ஆக, வாரத்தில் ஆறு நாள் நம்மில் பெரும்பாலோரின் தட்டு, தயிரையும் டீயில் ஊற்றுகிற பாலையும் எடுத்துவிட்டால், வீகன் தட்டுதான். வீகனாக இருப்பவருக்கு நாம் போடுகிற கணக்கு, அப்படி இல்லாத அத்தனை பேருக்கும் உதவுகிற கணக்கு.

இன்னொரு காரணமும் உண்டு. கட்டிங்கில் நிற்கிறவர் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார். ஓவர்லாக்கில் உட்கார்கிறவர் தலையைக் குனிந்தபடியே உட்கார்கிறார். முதுகும் தோளும் அசைவில்லாமல் களைத்துப்போகின்றன, ஆனால் வலுப்பெறுவதில்லை. களைப்பு வேறு, பயிற்சி வேறு. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டலில், வயதுவந்த ஒவ்வொருவரும் வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்று சொல்கிறது. ஆணுக்கும் சொல்கிறது, பெண்ணுக்கும் சொல்கிறது, அறுபதைத் தாண்டியவருக்கும் சொல்கிறது. ஒன்றரை ஷிப்டு முடிந்து, இரவு எட்டரைக்கு மேல் ஜிம்முக்குப் போகிற இளைஞர் இந்த ஊரில் இருக்கிறார். அவர் செய்வது சரியான காரியம். அவருக்கு வழிகாட்டுவது யார்? பெரும்பாலும் புரதப் பவுடர் டப்பா விற்கிறவர். அந்த இடத்தில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். 60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வகுத்த அளவுப்படி, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். 60 கிலோவுக்கு 50 கிராம். உணவில் தானியமே அதிகம் என்றால் கிலோவுக்கு 1 கிராம் என்று வைத்துக்கொள்வது நல்லது. இது சாதாரணமாக வாழ்வதற்கு. எடை தூக்குகிறவருக்கு? 2018-இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. 49 ஆய்வுகள், 1,800-க்கும் மேற்பட்ட ஆட்கள். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்து அவர்கள் சொன்னது இது: கிலோவுக்கு 1.6 கிராம் வரை புரதம் கூடக்கூடத் தசை வளர்ச்சிக்குப் பலன் இருக்கிறது, அதற்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. 60 கிலோவுக்கு 96 கிராம். வாரம் மூன்று நாள் அளவாகப் பயிற்சி செய்கிறவருக்கு 1.2 கிராம், அதாவது 72 கிராம் இருந்தாலே நல்ல இடத்தில் இருக்கிறார் என்பது என் கருத்து. அதே ஆய்வில் இன்னொரு செய்தி இருக்கிறது. அதை டப்பா விற்கிறவர் சொல்லமாட்டார். புரதத்தைக் கூடுதலாகக் கொடுத்ததால் மட்டும் கிடைத்த தசைப் பெருக்கம் சராசரியாக 300 கிராம்தான். மீதியெல்லாம் பயிற்சியால் வந்தது. தூக்கினால்தான் தசை, சாப்பாடு அதற்குத் துணை.

இப்போது நம் தட்டில் எவ்வளவு இருக்கிறது? காலையில் நான்கு இட்லி, ஏறத்தாழ 8 கிராம். பதினொரு மணிக்கு டீயும் பன்னும், 3 கிராம். மதியம் 150 கிராம் அரிசி வடித்த சோறு, 12 கிராம். சாம்பார்? இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். ஐந்து பேர் உள்ள வீட்டில் 100 கிராம் துவரம்பருப்பு வேகவைத்துச் சாம்பார் வைக்கிறார்கள். 100 கிராம் பருப்பில் 21.7 கிராம் புரதம் இருக்கிறது, நல்ல அளவு. ஆனால் அதை ஐந்தாகப் பிரித்தால் ஆளுக்கு 20 கிராம் பருப்பு, 4 கிராம் புரதம். கரண்டி நிறைய ஊற்றுகிறார்கள். ஊற்றுவதில் பெரும்பகுதி புளித்தண்ணீர். பொரியல், ரசம் எல்லாம் சேர்த்து 2 கிராம். இரவு தோசையோ பரோட்டாவோ, 10 கிராம். கூட்டிப் பாருங்கள், 40 கிராமைச் சுற்றி நிற்கிறது. வாழ்வதற்கு வேண்டிய 50-ஐயே எட்டவில்லை. இதை வைத்துக்கொண்டு எடை தூக்கினால் என்ன ஆகும்? ஆறு மாதம் ஜிம்முக்குப் போயும் உடம்பு ஏறவில்லை என்பார். கறி சாப்பிடாததால்தான் ஏறவில்லை என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். இல்லை தோழரே, பருப்பு சாப்பிடாததால் ஏறவில்லை.

இந்தக் குறையை எலிகளை வைத்து எடைபோட்டுக் காட்டிய இடம் எங்கோ இல்லை. மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் குன்னூர். அங்கே பாஸ்டர் நிறுவனத்தில், 1918-இல், ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் ஊட்டச்சத்து ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குப் போய், தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. மெக்கரிசன் என்ன செய்தார்? இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் சாப்பிடும் உணவை அப்படியே எலிகளுக்குக் கொடுத்து வளர்த்தார். சீக்கியர் உணவு கொடுத்த எலிகள் நன்றாகக் கொழுகொழுவென்று வளர்ந்தன. வரிசையில் கடைசியாக, எடை குறைந்து நின்றவை எவை தெரியுமா? சென்னை மாகாணத்து ஏழையின் அரிசி உணவைத் தின்ற எலிகள். நம் உணவைத் தின்ற எலிகள்.

அப்படியானால் சீக்கியர் சாப்பிட்ட பாலும் வெண்ணெயும் இடையிடையே வந்த கறியும்தானே காரணம், உன் வாதம் இங்கேயே விழுந்துவிட்டதே என்று யாராவது எழுந்து கேட்டால், அது நியாயமான கேள்வி. ஆனால் அந்த இரண்டு தட்டுகளையும் முழுதாகப் பாருங்கள். ஒன்றில் முழுக்கோதுமை, பருப்பு, காய்கறி, பால், கொஞ்சம் இறைச்சி. இன்னொன்றில் தீட்டிய அரிசி. பருப்பும் காய்கறியும் பெயருக்கு. பால் மட்டும் வேறுபடவில்லை, எல்லாமே வேறுபட்டன. ஒரே நேரத்தில் ஐந்து பொருள் மாறினால், காரணம் இதுதான் என்று ஒன்றை மட்டும் கைகாட்ட முடியாது. அந்தச் சோதனை நிறுவியது ஒன்று: அரிசியை மலையாகவும் மற்றதைத் துளியாகவும் வைத்தால் உடல் வளராது. தாவரத்தால் உடல் வளராது என்று அது நிறுவவில்லை.

அதற்கான விடையும் அதே குன்னூரிலிருந்து வந்தது. சேலத்தில் 1918-இல் பிறந்து, இந்திய ஊட்டச்சத்து அறிவியலுக்கே தலைமகனாக விளங்கி, நூறு வயது வாழ்ந்து 2019-இல் மறைந்தவர் டாக்டர் சி. கோபாலன். அவரும் அவருடைய சகாக்களும் குவாஷியோர்கர் என்னும் நோயால் கைகால் வீங்கி, தசை கரைந்து கிடந்த குழந்தைகளுக்குத் தாவரப் புரத உணவைக் கொடுத்தே சிகிச்சை அளித்து, அதை 1956-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். யோசித்துப் பாருங்கள். புரதக் குறையால் தேய்ந்துபோன குழந்தை மீண்டும் தசை பிடிக்க வேண்டும். உடலுக்கு அதைவிடக் கடுமையான சோதனை உண்டா? அந்தச் சோதனையில் தேறியது பாலும் முட்டையும் மட்டுமல்ல, தாவரமும் தேறியது. இன்னொரு சான்றும் உண்டு. 1950-இல் மைசூரில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு சத்து மாவு செய்தது. அதில் என்ன இருந்தது? எண்ணெய் எடுத்த நிலக்கடலை மாவு 75 பங்கு, கடலை மாவு 25 பங்கு, மேலே வைட்டமினும் சுண்ணாம்புச் சத்தும். நம் காட்டில் விளைகிற கடலைக்காய்தான்.

தாவரப் புரதம் முழுமையற்றது என்ற வாதத்துக்கு வருவோம். ஜிம்மில் அதிகம் கேட்கிற வாதம் இது. இதில் உண்மை இருக்கிறது. அரைகுறையாகப் புரிந்துகொண்ட உண்மை. புரதம் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனது. அதில் 9 உணவிலிருந்தே வந்தாக வேண்டும். திருப்பூர்க்காரர்களுக்கு இதை ரேஷியோ பேக்கிங் என்று சொன்னால் உடனே விளங்கிவிடும். ஒரு பெட்டியில் ஸ்மால் இரண்டு, மீடியம் நான்கு, லார்ஜ் நான்கு போக வேண்டும். மீடியம் குறைந்தால் மற்ற சைஸ் மலையாகக் குவிந்திருந்தும் பெட்டி மூடாது. அரிசியில் குறைகிற சைஸ் லைசின். 100 கிராம் புரதத்துக்கு 4.5 கிராம் லைசின் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அறிக்கை கணக்கிட்டது. அரிசிப் புரதத்தில் அது 3.7 கிராம் அளவில்தான் இருக்கிறது. பருப்பு வகைகளில் 6, 7 கிராம் என்று தாராளமாக இருக்கிறது. பருப்பில் குறைவது மெத்தியோனின். அது அரிசியிலும் கம்பிலும் எள்ளிலும் இருக்கிறது. இரண்டு யூனிட்டிலிருந்தும் சரக்கு வந்து சேர்ந்தால் பெட்டி மூடிவிடுகிறது. ஒரே வேளையில் வந்து சேர வேண்டும் என்பதுகூடக் கட்டாயமில்லை. அமெரிக்காவில் பிரான்சிஸ் மூர் லாப்பே என்ற அம்மையார் 1971-இல் எழுதிய புகழ்பெற்ற நூலில், ஒவ்வொரு வேளையும் சரியாகச் சேர்த்தாக வேண்டும் என்று சொன்னார். பத்து ஆண்டு கழித்து, 1981 பதிப்பில், அவ்வளவு கெடுபிடி தேவையில்லை என்று அவரே திருத்திக்கொண்டார். ஒரு நாளுக்குள் இரண்டும் உள்ளே போனால் போதும்.

நம் கொங்கு நாட்டுச் சமையலில் இந்தக் கணக்கு ஏற்கெனவே ஒரு பாத்திரத்தில் வெந்துகொண்டிருக்கிறது. அரிசியும் பருப்பும் சோறு. சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகாய் தாளித்து, அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாகப் போட்டு வேகவைக்கிற அந்தச் சோறுதான். வழக்கமாக மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு போடுவார்கள். 100 கிராம் அரிசி, 33 கிராம் பருப்பு என்றால் அந்தத் தட்டில் 15 கிராம் புரதம். அதையே சமபங்காக்கிப் பாருங்கள். 70 கிராம் அரிசி, 70 கிராம் பருப்பு. தட்டில் ஏறத்தாழ அதே குவியல்தான். புரதம்? 20 கிராமைத் தாண்டுகிறது. கொஞ்சம் குழைவாக வரும். தண்ணீரைக் கூட்டி, ஒரு விசில் கூடுதலாக வைக்க வேண்டும். வீட்டில் நெய்க்குப் பதில் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ ஊற்றிக்கொண்டால் வீகனுக்கும் ஆயிற்று. சம்பளத்தில் ஒரு ரூபாய் கூடாமல் செய்யக்கூடிய மாற்றம் இது என்று சொல்லமாட்டேன். பருப்பு அரிசியைவிட விலை கூடியது. ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிற துவரம்பருப்பைக் கணக்குப் போட்டால் ஒரு கிராம் புரதம் 14 காசுக்கு விழுகிறது. அதைவிட மலிவாக எந்தக் கடையில் எந்த டப்பாவும் புரதம் தரமுடியாது. ஆனால் ஒரு கார்டுக்கு மாதம் 1 கிலோதான்; நான்கு பேர் குடும்பத்துக்கு அது சில நாளுக்குத்தான் வரும். அந்த ஒரு கிலோவை இரண்டாக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது, கேட்க வேண்டும்.

அடுத்து கொள்ளு. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியை நம்பி, உடம்பு ஏற்ற வேண்டும் என்று நினைக்கிற இளைஞர்கள் கொள்ளைத் தொடுவதில்லை. கொள்ளு உடம்பைக் கரைத்துவிடும் என்று பயம். 100 கிராம் கொள்ளில் 21.7 கிராம் புரதம் இருக்கிறது. துவரம்பருப்புக்குச் சமம். கொழுப்பு குறைவு, அவ்வளவுதான். அது தசையை எப்படிக் கரைக்கும்? மானாவாரிக் காட்டில், மழை தப்பிய ஆண்டிலும் விளைகிற பயிர் அது. காங்கேயம் காளைக்கு வைத்த தீனி அது. ஏர் இழுத்த காளைக்கு ஆகும், எடை தூக்குகிற ஆளுக்கு ஆகாதா? ஒரு திருத்தம் மட்டும் வேண்டும். கொள்ளை வேகவைத்து, தண்ணீரை இறுத்து ரசம் வைத்துக் குடித்துவிட்டு, சக்கையென்று கொள்ளை ஒதுக்குகிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. புரதம் தண்ணீரில் இல்லை, கொள்ளில் இருக்கிறது. கடைந்து, சோற்றில் பிசைந்து சாப்பிடுங்கள். பச்சையாக முளைகட்டி மென்று தின்பதையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். பயறுகளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் இயல்பாகவே இருக்கின்றன. வேகும்போதுதான் அவை நன்றாக அடங்குகின்றன.

இத்தனையும் கேட்டுவிட்டு, தசை விஷயத்தில் நேரடியான ஆதாரம் உண்டா என்று கேட்பீர்கள். ஜெர்மனியில் வாழும் பாட்ரிக் பாபூமியான் என்ற வீகன் வீரர் 2013-இல் கனடாவில் 550 கிலோவுக்கு மேல் தோளில் தாங்கிப் பத்து மீட்டர் நடந்தார். மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் ஒரு பலசாலியை வைத்து ஊருக்கே விதி எழுத முடியாது. அதைவிட எனக்கு நம்பிக்கை தருவது பிரேசிலில் சாவோ பாலோ பல்கலைக்கழகத்தில் நடந்து, 2021-இல் வெளியான ஆய்வு. அதுவரை எடைப் பயிற்சி செய்யாத 38 இளைஞர்கள். 19 பேர் வீகன், 19 பேர் எல்லாம் சாப்பிடுகிறவர்கள். இரு சாராருக்கும் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் சேரும்படி உணவைச் சரிசெய்தார்கள். வீகனுக்குக் குறைகிற பங்கு சோயாவிலிருந்து, மற்றவருக்குப் பாலிலிருந்து எடுத்த புரதத்திலிருந்து. 12 வாரம் கால்களுக்குப் பயிற்சி. முடிவில் தொடைத் தசை வளர்ந்ததிலும், தூக்கிய எடை கூடியதிலும் இரண்டு அணிக்கும் வித்தியாசமில்லை. ஆட்கள் குறைவு, காலம் குறைவு, பெண்கள் இல்லை. இதெல்லாம் அந்த ஆய்வின் எல்லைகள். அங்கேயும் பவுடர்தானே கொடுத்தார்கள் என்றும் நீங்கள் கேட்கலாம். கொடுத்தது சோயாப் புரதம். நம் மளிகைக் கடையில் மீல் மேக்கர் என்று விற்கிறதே, அந்தச் சோயா உருண்டையில் 100 கிராமுக்கு 52 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. அதே சோயா, அதே புரதம்.

இனி ஒரு நாள் தட்டைப் போட்டுக் காட்டுகிறேன். காலையில் 75 கிராம் பச்சைப்பயறும் 25 கிராம் அரிசியும் ஊறவைத்து அரைத்த அடை, 20 கிராம். பதினொரு மணி டீக்கு, பன்னுக்குப் பதில் ஒரு கைப்பிடி வேகவைத்த அல்லது வறுத்த கடலைக்காய், 40 கிராம் பருப்பு என்றால் 9 கிராம். மதியம் அதே 150 கிராம் அரிசிச் சோறு. அதன் மேல் 50 கிராம் கொள்ளோ பருப்போ கெட்டியாகக் கடைந்தது, ஒரு கீரை. மொத்தம் 26 கிராம். ஜிம்முக்குக் கிளம்பும் முன் 50 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல், 9 கிராம். இரவு மூன்று சப்பாத்தி, 50 கிராம் சோயா உருண்டை போட்ட குருமா, 35 கிராம். கூட்டினால் 99. நமக்கு வேண்டியது 96. இதில் வெளிநாட்டுச் சரக்கு என்ன இருக்கிறது? அறிமுகமில்லாத பண்டம் என்ன இருக்கிறது? ரூமில் நான்கு பேர் தங்கி, அடுப்பு பற்றவைக்கவே நேரமில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. பீகாரிலிருந்து நம் ஊருக்கு வேலைக்கு வந்திருக்கும் தோழர்களைப் பாருங்கள். வறுத்த கடலையை மாவாக்கி, தண்ணீரில் கரைத்து, உப்பும் எலுமிச்சையும் வெங்காயமும் சேர்த்துக் குடிக்கிறார்கள். நம் பொட்டுக்கடலையும் அந்த இனம்தான். 50 கிராம் பொட்டுக்கடலை மாவு கரைத்தால் 10, 11 கிராம் புரதம். அடுப்பு வேண்டாம், ஷேக்கர் வேண்டாம், ஒரு டம்ளர் போதும்.

இவ்வளவு பருப்பு தின்றால் வாயு பிடிக்காதா? பிடிக்கும், ஒரே நாளில் மாறினால். இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இரவே ஊறப்போட்டு, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் நன்றாக வேகவையுங்கள். பெருங்காயமும் சீரகமும் எதற்காக நம் அடுப்படியில் இருக்கின்றன? புரதத்தை நான்கைந்து வேளையாகப் பிரித்துச் சாப்பிடச் சொல்வதும் முதலில் வயிற்றுக்காகத்தான். தாவரப் புரதம் பால், முட்டை அளவுக்குச் செரிப்பதில்லை என்பதும் உண்மை. அதனால்தான் 72-லேயே நிற்காமல் 96-ஐக் குறி வைக்கிறோம். அதில் கொஞ்சம் சேதாரம் போனாலும் குறைவு வராது.

சோயா சாப்பிட்டால் ஆண்மை குறையும் என்று ஒரு பயம் பரவியிருக்கிறது. இளைஞர்கள் வெளியே கேட்கக் கூச்சப்படுகிற கேள்வி, ஆகையால் நானே எடுத்துச் சொல்கிறேன். ஆண்களிடம் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் ஒரு முறையும், 2021-இல் மீண்டும் ஒரு முறையும் பார்த்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் அளவை சோயா குறைக்கவில்லை. பயத்தை விட்டுவிடலாம்.

நான் ஒத்துக்கொள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டு. 100 கிராம் கோழிக்கறியில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, மாவுச்சத்து அறவே இல்லை. அதே புரதத்தைப் பருப்பில் எடுத்தால் கூடவே 50, 60 கிராம் மாவுச்சத்தும் வரும். உடம்பு ஏற்ற வேண்டியவருக்கு இது குறையே அல்ல. எரிபொருள் இல்லாவிட்டால் சாப்பிட்ட புரதத்தையே உடல் எரித்துவிடும், ஆகவே சோற்றை வெட்டச் சொல்கிற யோசனையை மெலிந்த தொழிலாளி கேட்கவே கூடாது. ஆனால் தொப்பையைக் குறைத்துக்கொண்டே தசையைக் கூட்ட நினைக்கிற வீகனுக்கு இது சிக்கல்தான். அவர் சோற்றைக் குறைத்து, சோயா உருண்டையையும் டோஃபு என்னும் சோயாப் பன்னீரையும் அதிகம் நம்ப வேண்டியிருக்கும். அவர் சோயாப் பவுடரோ பட்டாணிப் பவுடரோ ஒரு கரண்டி எடுத்துக்கொண்டால் நான் குறை சொல்லமாட்டேன். மற்றவருக்கு அது அவசியமில்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டலும், உடம்பு ஏற்றுவதற்காகப் புரதப் பவுடரைத் தவிர்க்கச் சொல்கிறது. அதே ஏடு ஒரு நாளைக்கு 85 கிராம் பருப்பு வகை சாப்பிடச் சொல்கிறது. நம் 20 கிராம் சாம்பார்ப் பருப்போடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். கடைகளில் அதிகம் விற்கிற வே புரதம் பாலிலிருந்து எடுப்பது. வீகனுக்கு அது ஆகாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவரும், நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவரும் நான் சொன்ன அளவுக்குப் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்டாக வேண்டும். கடலைக்காய் வாங்கும்போது பூசணம் பிடித்ததையும் சுருங்கிக் கறுத்ததையும் ஒதுக்கிவிடுங்கள். அந்தப் பூசணத்தில் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்கிறது.

புரதத்தில் இவ்வளவு உறுதியாகப் பேசிய நான், பி-12 வைட்டமினில் அப்படிப் பேசமாட்டேன். எந்தப் பருப்பிலும் அது இல்லை, எந்தக் கீரையிலும் இல்லை. இட்லி மாவில் இருக்கிறது, பழைய சோற்றில் இருக்கிறது என்பார்கள். அதை நம்பி இருக்கக்கூடாது. குறைந்தால் இரத்தம் கெடும், நரம்பு கெடும், கால் மரத்துப்போகும். வீகனாக இருப்பவர் மருத்துவரைக் கேட்டு பி-12 மாத்திரை எடுத்துக்கொண்டே ஆக வேண்டும். இதில் சமரசம் கிடையாது. பாலை விட்டதால் போகிற சுண்ணாம்புச் சத்தை ராகி ஈடுகட்டும். 100 கிராமில் 364 மில்லிகிராம் இருக்கிறது. இரும்புச் சத்தைப் பெண்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்கள் இரத்தசோகையோடு இருக்கிறார்கள். பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிற பெண்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பு உடலில் சரியாக ஏறாது. முக்கியமாக மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் பிறகு ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். சுண்டலில் எலுமிச்சை பிழிந்தால் அது கூடுதலாக ஏறும்.

கடைசியாகக் கம்பெனி நடத்துகிறவர்களிடம் ஒரு கோரிக்கை. பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு வந்த பெண், வீட்டுக்குப் போய்ப் பயறு ஊறவைக்கவில்லை என்றால் அது அவர் குற்றமல்ல. நேரமில்லாத இடத்தில் உபதேசம் உதவாது. உங்கள் கம்பெனியில் நாலு மணி டீ டைம் இருக்கிறது. டீயோடு பன்னோ பஜ்ஜியோ போகிறது. அந்த இடத்தில் எலுமிச்சை பிழிந்த சுண்டல் கொடுங்கள். ஆளுக்கு 40 கிராம் கொண்டைக்கடலை என்றால் 100 பேர் வேலை செய்கிற யூனிட்டுக்கு ஒரு நாளைக்கு 4 கிலோ. ஒவ்வொருவருக்கும் 7.5 கிராம் புரதம். இன்றைக்கு அவர்கள் தட்டில் இருக்கிற 40-இன் மேல் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. ஒரு நாள் கொண்டைக்கடலை, ஒரு நாள் தட்டப்பயறு, ஒரு நாள் பச்சைப்பயறு, ஒரு நாள் மொச்சை. பெண்கள் தங்கியிருக்கும் விடுதிகளிலும் இதைச் செய்யலாம். அங்கே சாம்பாருக்கு ஆளுக்கு எத்தனை கிராம் பருப்பு போடுகிறார்கள் என்று எழுதி ஒட்டவும் செய்யலாம். இரவு ஷிப்டு முடியும்போது ஊறப்போட ஒருவர் வேண்டும், மதியம் குக்கர் ஏற்ற ஒருவர் வேண்டும், தாளிக்கக் கடுகும் காய்ந்த மிளகாயும் தேங்காய்த் துருவலும் வேண்டும். காங்கேயத்துத் தேங்காய் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வருகிற திங்கட்கிழமையே தொடங்கலாம்.